பைக்குள் இரண்டு கைகள்

காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழையும்போதே தலைமை நர்ஸ் தன் இரண்டு கைகளையும் வெள்ளைக் கோட்டின் பைகளுக்குள் திணித்துக்கொள்வாள். குளிருக்காக அல்ல. வெளியே விட்டால் அவை சும்மா இரா. யாராவது ஊசி போடத் தடுமாறினால் போதும், "தள்ளு, நான் பாக்கறேன்" என்று முந்திக்கொள்ளும். யாருக்கும் அகப்படாத நரம்பு அவள் விரலுக்கு மட்டும் அகப்படும்.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் என்று அந்தக் கைகள் ஒருநாள் லீவு எடுத்தன. அன்று ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டியது. வார்டில் இருந்த நான்கு நர்ஸ்களும் டாக்டரைக் கூப்பிடாமல், வீட்டிலிருந்த இவளையே போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. மறுநாளிலிருந்து ஷிஃப்டுக்கு ஒருத்தி பொறுப்பு என்று இவளே விதி போட்டாள். இவள் கைகள் பைக்குள்.

கோட்டைத் துவைக்கும் கணவன் மட்டும் கேட்பான்: "பையில எலி ஏதும் வளக்கறியா? வாரத்துக்கு ஒரு கிழிசல்!"

இன்று பெரியக்காவின் முறை. இவளைவிட ஒன்பது வயது மூத்த நர்ஸ். வேலை சுத்தம், ஆனால் வாயைத் திறந்தால் "சரிங்க டாக்டர்" தவிர வேறு வராது. "இந்த வயசுல எனக்கெதுக்கு மகுடம்?" என்று காலையிலேயே முனகினாள்.

பதினொரு மணிக்கு ஏழாம் படுக்கை. முந்தின நாள் வயிற்றில் அறுவை செய்துகொண்ட அம்மாளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நாடி வேகமாக ஓடியது, பிரஷர் இறங்கியது. பெரியக்கா திரும்பி இவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன் சிஸ்டர்."

"இன்னிக்குப் பொறுப்பு யாரு?"

"பேருக்கு நான்..."

"அப்ப சொல்லுங்கக்கா. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்."

பெரியக்கா போனை எடுத்தாள். தலைமை நர்ஸ் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். அறுபதைத் தொட்டால் போனைப் பிடுங்கிவிடுவது. உள்ளே ரத்தம் கசிகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பத்து. இருபது.

"டாக்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும்... ஏழாம் படுக்கைக்குக் கொஞ்சம் வேர்க்குது..."

"ஆபரேஷன் பண்ணினா வலிக்கத்தான் செய்யும். வலிக்கு ஊசி போடுங்க," என்றது போன்.

"சரிங்க டாக்..."

முப்பத்தெட்டு. பைக்குள் விரல்கள் துணியைப் பிறாண்டின. அந்த அம்மாள் ஒருமுறை முனகிவிட்டு அடங்கினாள். நாற்பத்தாறு.

"இல்லீங்க டாக்டர்." பெரியக்காவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இது வலி இல்ல. நாடி நூத்தி இருபத்தெட்டு, பிரஷர் எண்பது. உள்ள ரத்தம் போகுதுன்னு நெனைக்கிறேன். இப்பவே வாங்க. நீங்க கெளம்பற வரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்."

ஐம்பத்திரண்டு. மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பெரியக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு திரும்பினாள். "என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீங்க? அடுத்த கையில இன்னொரு ட்ரிப் ஏத்துங்க. நரம்பெல்லாம் சுருங்கிப்போச்சு, உங்களுக்குத்தான் கிடைக்கும்."

"சரிங்கக்கா."

கைகளை வெளியே இழுத்தாள். வலது கையோடு பையின் கிழிந்த உள்துணியும் வெளியே வந்து தொங்கியது. அதை உள்ளே தள்ளக்கூட நிற்காமல் ஊசித் தட்டை எடுக்க ஓடினாள்.