தேசிய விளையாட்டும் ஐந்தருவி எண்ணெயும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, செரிமானத்துக்காக மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஆஸ்திரேலியாவுக்குத் தலைநகர் எது? அவர் யோசிப்பார், சிட்னி என்பார், நான் மறுப்பேன், சாயங்காலக் காப்பி வரை பொழுது ஓடிவிடும் என்பது என் திட்டம். அவர் யோசிக்கவில்லை. கேள்வியை அப்படியே கைபேசியிடம் திருப்பினார். உள்ளிருந்து ஒரு பெண் "கான்பெரா" என்றாள். மாப்பிள்ளை, "வேற ஏதும் தெரியணுமா மாமா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். வம்புக்காகத் திறந்து வைத்திருந்த வாயை மூட எனக்கு ஒரு வெற்றிலை தேவைப்பட்டது.

மாலையில் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் சங்கரன் சாரும் சாகுலும் நினைவுக்கு வந்தார்கள். பொது அறிவுக்கும் நல்லெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தென்காசியில் எங்கள் மூன்று பேருக்கு இருந்தது.

பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். நான் அப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓய்வுக்கு முந்தைய கடைசிக் காலத்தில் இருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பால்பாண்டியின் டீக்கடை. அதன் வெளிப்பெஞ்சு எங்களுடையது. பட்டா இல்லை, அனுபோக பாத்தியதை மட்டும். சங்கரன் சார் பள்ளிக்கூடத்தில் வரலாறும் புவியியலும் எடுத்து ஓய்வு பெற்றவர். சாகுல் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தான். வருடா வருடம் குற்றால சீசனுக்கு விடுப்பில் வருவான். அவன் இல்லாத மாதங்களில் நானும் சாரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து, நடுவில் அவன் இடத்தை விட்டு வைத்திருப்போம்.

தினம் ஒருவர் ஒரு கேள்வி போட வேண்டும். அன்றைக்கே விடை சொல்லக் கூடாது. மறுநாள் வரை அவகாசம். மறுத்தால் மேல்முறையீடு என்னிடம். இந்த விதிகளையெல்லாம் வகுத்தவன் நான்தான் என்று சொல்லத் தேவையில்லை. விதி வகுக்க வாய்ப்பிருக்கும் இடத்தில் சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை. தோற்றவர், ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் ஜெயித்தவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களின் தண்டனைகள் நிலுவையில் நின்று, சாரல் விழுந்ததும் மொத்தமாக நிறைவேறும்.

தக்காளி காயா பழமா என்று ஒரு வாரம் நடந்தது. கடைசியில் பாவூர்சத்திரம் சந்தைக்கே போய் ஒரு கமிஷன் கடைக்காரரிடம் கேட்டோம். "விலை இருந்தா பழம் அண்ணாச்சி, இல்லேன்னா மாட்டுக்கு" என்றார். அதை நான் நிபுணர் கருத்தாகப் பதிவு செய்தேன். உலகின் நீளமான ஆறு நைலா அமேசானா என்ற கோப்பு இன்றுவரை முடியவில்லை. அப்போது எங்கள் கைபேசிகளுக்குப் பேச மட்டுமே தெரியும் என்பதை மனதில் கொள்ளுங்கள்.

அந்த வருடம் சாகுலின் விடுப்பு முடிகிற வாரம். சனிக்கிழமை மத்தியானம் திருவனந்தபுரத்தில் அவனுக்கு விமானம். செவ்வாய்க்கிழமை சங்கரன் சார் ஒரு கேள்வி போட்டார். சிறு பிள்ளைக்குப் போடுகிற கேள்வி. ஊருக்குப் போகிறவனை ஜெயிக்கவிட்டு அனுப்பலாம் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?

புதன்கிழமை சாகுல் விடை சொன்னான். "அப்படி ஒண்ணும் கிடையாது சார்."

"என்னலே சொல்லுதே? ஹாக்கி."

"ஹாக்கின்னு எல்லாரும் சொல்லுதோம். கவர்மெண்டு எதையும் அறிவிக்கலை. என் ரூம்ல ஒரு பஞ்சாபி இருக்கான், ஹாக்கி ஆடுனவன். அவனே சொல்லுதான்."

"பஞ்சாபி சொன்னா வேதமா? இத்தனை வருசமா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அப்ப நான் பொய்யாலே சொல்லிக் குடுத்தேன்?"

"பொய்யின்னு நான் சொல்லலையே. கிடையாதுன்னுதான் சொல்லுதேன்."

"மயில் தேசியப் பறவை. புலி தேசிய விலங்கு. ஹாக்கி தேசிய விளையாட்டு. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்."

"அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டுச் சாகுல் சிரித்தான்.

பால்பாண்டியும் சிரித்துவிட்டான். அதுதான் தப்பாகப் போனது. சங்கரன் சார் கிளாசைப் பெஞ்சில் வைத்தார். டீ தளும்பிற்று.

"உங்க நாட்டுல எப்படியோ. எங்க நாட்டுல ஹாக்கிதான்."

ஷார்ஜாவைத்தான் சொன்னார். இன்றைக்கும் நான் அதை நம்புகிறேன். ஆனால் ஒரு வார்த்தை வெளியே வந்தபிறகு, சொன்னவர் எங்கே குறி வைத்தார் என்பதைவிட அது எங்கே போய்த் தைத்தது என்பதுதான் கணக்கு. சாகுலின் பாட்டனும் பூட்டனும் இந்த ஊரில் தறி போட்டவர்கள். சாரின் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் அவன். அவன் சிரிப்பு அப்படியே நின்றது. 

"எது சார் எங்க நாடு?" என்றான் மெதுவாக.

 என்ன சொன்னோம் என்று சாருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஆனால் வாத்தியார்கள் கரும்பலகையில் எழுதியதை அழித்துத்தான் பழக்கம். வாயால் சொன்னதை அழித்துப் பழக்கமில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு பேரும் இப்படியே பிரிந்தால் அடுத்த சீசனில் சாகுல் இந்தப் பெஞ்சுக்கு வரமாட்டான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. வரமாட்டேன் என்று சொல்லமாட்டான். நேரமில்லை அண்ணாச்சி என்பான். நடுவிலிருக்கும் இடம் நடுவிலேயே இருக்கும்.

சொன்ன வார்த்தைக்கு என்னிடம் நடைமுறை இல்லை. ஹாக்கிக்கு இருந்தது. எனவே ஹாக்கியைக் கையில் எடுத்தேன்.

வியாழக்கிழமை காலையில் சாரை வீட்டில் போய்ப் பார்த்தேன். "ஒண்ணு இருக்குன்னா ஆணையைக் காட்டலாம். இல்லைங்கிறதை எப்படி வே நிரூபிப்பான் அவன்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தவறான ஆளிடம் கேட்டுவிட்டார். எங்கள் அலுவலகத்தின் பாதிப் பிழைப்பே இல்லை என்று சான்று கொடுப்பதுதான். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு பெண்ணுக்குச் சான்று கொடுக்கிறோம். நாட்டிலுள்ள கல்யாண மண்டபங்களையெல்லாம் சோதித்துவிட்டா கொடுக்கிறோம்? அக்கம்பக்கத்தில் விசாரிப்போம், ஆட்சேபணை உண்டா என்று கேட்போம், கெடு வைப்போம். கெடுவுக்குள் யாரும் எதையும் கொண்டுவராவிட்டால், இல்லை.

"நாளைச் சாயங்காலம் வரை கெடு. ஹாக்கிதான் என்று அரசு அறிவித்த ஆணையை நீங்கள் காட்ட வேண்டும். பாடப்புத்தகம் செல்லாது" என்றேன்.

"காட்டுதேன்" என்றார்.

சாகுலிடமும் சொன்னேன். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "உங்க இஷ்டம் அண்ணாச்சி" என்றான். முடிச்சை இறுக்கியதில் தேவைக்கு மேலான பலம் இருந்தது.

சார் நாயாக அலைந்தார். வியாழக்கிழமை நூலகத்தில் பொது அறிவுப் புத்தகங்களையெல்லாம் புரட்டினார். எல்லாவற்றிலும் ஹாக்கி இருந்தது. எந்த ஆணை, எந்த நாள் என்பது எதிலும் இல்லை. வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. மழையோடு பஸ் ஏறி அச்சன்புதூர் போய், ஓய்வு பெற்ற ஒரு விளையாட்டு ஆசிரியரைப் பிடித்தார். இதெல்லாம் பால்பாண்டி சொல்லித்தான் தெரியும். டீக்கடைக்காரர்களுக்குச் சம்மன் இல்லாமலே சாட்சியம் வந்து சேரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் சாகுலும் பெஞ்சில் இருந்தோம். விடாத மழை. சாகுல் ஜும்மாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மாற்றாமல் வந்திருந்தான். அவன் முன்னால் டீ ஆடை கட்டிப்போய் இருந்தது. செங்கோட்டை பஸ் வந்து போயிற்று. கடையம் பஸ் வந்து போயிற்று.

"வரமாட்டாரு அண்ணாச்சி."

"கெடு முடியலை."

"வராட்டா என்ன செய்வீங்க?"

"ஒருதலைப்பட்சமாத் தீர்ப்பு. நீ ஜெயிச்சே."

"எனக்கு எதுக்கு அது?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அவகாசம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பால்பாண்டி விளக்கைப் போட்ட பிறகு சார் வந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. பெஞ்சில் உட்காரவில்லை. கூரைக்கு வெளியே, குடையோடு நின்றார். என்னைத்தான் பார்த்தார், சாகுலைப் பார்க்கவில்லை.

"அந்த டிரில் மாஸ்டரைக் கேட்டேன். எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்ங்காரு." குடையைக் கை மாற்றினார். "நானும் அப்படித்தான் வே சொல்லியிருக்கேன். ஆட்சேபணை இல்லைன்னு முடிச்சுக்கோரும்."

அறிவிக்கப்பட்ட தேசிய விளையாட்டு எதுவும் இல்லை என்று நான் முடித்தேன். பால்பாண்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சாகுல் எழுந்தான்.

"எண்ணெயெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. விடியக் கிளம்பணும்."

"தண்டனையைத் தள்ளுபடி செய்ய உனக்கு அதிகாரம் கிடையாது" என்றேன். "நாளைக் காலையில், போகிற வழியில், ஐந்தருவி."

அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சார் அதற்குள் இருட்டில் இறங்கிவிட்டார். கேட்டாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் சாகுலின் காரில் நானும் ஏறிக்கொண்டேன். மச்சான்காரன் ஓட்டினான். பின்சீட்டில் ஊறுகாய் மணமும் புதுப்பெட்டி மணமும். குற்றாலத்தில் திரும்பச் சொன்னேன். சாகுல் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான், தடுக்கவில்லை. ஐந்தருவியில் போய் இறங்கினால், குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசிலோடு நிற்கிறார். ஐந்து கிளையும் ஒன்றாகச் சேர்ந்து செம்மண் நிறத்தில் விழுகிறது. பழக்கடைக்காரர்கள் மங்குஸ்தான் கூடைகளைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். சாரைக் காணோம்.

என் நடைமுறை அறிவு அத்தனையும் அந்தச் சாரலில் நனைந்துகொண்டு நின்றது. மச்சான்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். "போலாம் அண்ணாச்சி" என்று சாகுல் கார்க் கதவில் கை வைத்தான்.

அப்போது ஒரு பழக்கடைத் தார்ப்பாய்க்குள்ளிருந்து சார் வெளியே வந்தார். முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாராம். கையில் நல்லெண்ணெய்ப் பாட்டில்.

"சட்டையைக் கழத்துலே" என்றார்.

"குளிக்க விடலையே சார்."

"குளிக்கிறது உம்பாடு. தேய்க்கிறது எம்பாடு. கழத்து."

சாகுல் அவரையே பார்த்தான்.   அவன் காரில் ஏறிவிட்டால் அதோடு தீர்ந்தது. பிறகு மெதுவாக மேல் பொத்தானில் கை வைத்தான். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையை என் தோளில் போட்டுவிட்டுத் திரும்பி நின்றான்.

சார் உள்ளங்கை நிறைய ஊற்றி, கழுத்திலிருந்து இடுப்பு வரை தேய்த்தார். போகிற வருகிற வெளியூர்க்காரர்கள், பயணச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கார் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் மனிதனை வேடிக்கை பார்த்தார்கள். சாரலும் எண்ணெயும் கலந்து வழிந்தது.  நடு முதுகில் மட்டும் சாரின் கை ரொம்ப நேரம் நின்றது.

"இந்த எண்ணெயோட பிளேன் ஏறுனா என்ன சொல்லுவாங்க?" என்று சாகுல் முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"நம்ம நாட்டு எண்ணெயின்னு சொல்லு" என்றார் சார்.  "நம்ம நாட்டுச் செக்கு எண்ணெய்லே."

சாகுல் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினான். "பாட்டிலைக் குடுங்க சார். அங்கன அந்தப் பஞ்சாபிக்கும் தேய்ச்சு விடுதேன்."

அடுத்த சீசனுக்குச் சாகுல் வந்தான். அதற்கடுத்த சீசனுக்கும் வந்தான். பெஞ்சின் நடுவில்தான் உட்கார்ந்தான்.

இப்போது பால்பாண்டி கடை இருந்த இடத்தில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். சாகுல் ஷார்ஜாவை முடித்துக்கொண்டு மகனோடு சென்னையில் இருக்கிறான். சார் கோயம்புத்தூரில், மகள் வீட்டில். மூன்று பேருக்கும் வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. அதற்கு விதிகள் வகுக்க எனக்கு இதுவரை வாய்ப்பு வரவில்லை.

அந்த ஞாயிறு மாலை, எண்ணெய் வாசத்தோடு அதில் வேண்டுமென்றே எழுதினேன்: ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னி. மறுப்பவர் மறுக்கலாம். ஏலே என்று ஒருவர் கேட்பார், என்ன அண்ணாச்சி என்று மற்றவர் கேட்பார் என்று காத்திருந்தேன். காத்திருக்க நேரமே கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கான்பெராவின் படம் ஒன்றாக வந்து விழுந்தது. ஒரே படம்தான். கூடவே இரண்டு கும்பிடுகள்.

இப்போதெல்லாம் யாரும் யாரிடமும் தோற்பதில்லை. முழங்காலுக்கு நானே தேய்த்துக்கொள்கிறேன், தோளுக்கும் எப்படியோ எட்டிவிடுகிறது. நடு முதுகுக்குத்தான் கை போகவில்லை.