சின்னக் கல்லாகப் பார்த்து எடுத்தேன்

எங்கள் கோயில் வளவில் ஒரு மாதா கெபி இருக்கிறது. கல்லால் குகைபோலக் கட்டி உள்ளே மாதா சொரூபம் வைப்போமே, அதுதான். அதன் இடப்பக்கத்தில், கீழிருந்து இரண்டாவது வரியில், மேல்முனை வளைந்த ஒரு சின்ன முருகைக்கல், கடலுக்குள் விளைகிற கல், தெரியும். அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தவள் நான்.

ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஊரே தலைகுனிய வேண்டிவரும். இப்போதைக்கு நான் ஒருத்தி குனிந்தால் போதும். வேலணைத் தீவில் ஒரு கரையோரக் கிராமம். கத்தோலிக்கர்தான் அதிகம், ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். தெற்குப் பக்கத்தில் கொஞ்ச முஸ்லிம் குடும்பங்களும் இருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் அவர்களைப் போகச் சொன்னார்கள். நாங்கள் ஷெல்லுக்குப் பயந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடினோம். முந்திப் பிந்தி ஊர் முழுக்கக் காலியானது.

அவர்கள் போன அன்று தெற்குப் பக்கத்துத் தையல்காரரின் மனைவி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது குறைந்தவள். முந்தின வருசம்தான் அவளுடைய முதல் பிள்ளை நாற்பது நாள் இருந்துவிட்டு இறந்துபோயிருந்தது. செத்தவீட்டுக்கு நான் போயிருந்தேன். இப்போது அவள் கையில் என்னுடைய சட்டைத்துணி.

"தைக்க நேரம் கிடைக்கேல்லை அக்கா. வெட்டவுமில்லை. அப்பிடியே கிடக்குது."

அவளுடைய மற்றக் கையில் இன்னும் நாலைந்து வீட்டுத் துணிகள் இருந்தன. தன் வீடு, மெசின், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிற நேரத்தில், ஊராருடைய துணியை வீடுவீடாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவனமாப் போட்டு வாரும் பிள்ளை" என்றேன், சந்தைக்குப் போகிறவளுக்குச் சொல்வதுபோல. வேறொன்றும் கேட்கவில்லை. வாசல்வரை கூடப் போகவில்லை.

நாங்கள் திரும்பி வந்தது தொண்ணூற்றாறில். வீட்டைப் பார்க்க முதல் கோயிலைத்தான் போய்ப் பார்த்தோம். பீடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்திருந்தார்கள். நற்கருணைப் பேழையின் கதவு முற்றத்தில் கிடந்தது. மாதா சொரூபத்துக்குத் தலை இல்லை. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் மலம் காய்ந்து கிடந்தது. இடைப்பட்ட வருசங்களில் யார் யாரோ அதில் தங்கிப்போயிருந்தார்கள். யார் செய்தது என்று ஒருவருக்கொருவர் காதுக்குள் சொல்லிக்கொண்டோம். உரத்துச் சொல்கிற காலமா அது?

நான் மட்டும் உரத்துக் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டில்லை. தலையில்லாத மாதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மற்றவன் கும்பிடுற இடத்திலை கைவைச்ச கை அழுகும்! இருந்து பாருங்கோ, அழுகும்!" என்று நெஞ்சிலடித்துக் கத்தினேன். மற்றப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்னைப்போல் பக்தியுள்ளவள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அடுத்த வருசம் தவக்காலம் வந்தது. எங்கள் கோயில் குருவானவர், சுவாமி என்போம், சாந்தமான மனிதர். "சாபம் போட்டது காணும். இனிப் பரிகாரம் செய்வம்" என்றார். மாதாவுக்கு ஒரு கெபி கட்டுவது என்றும், அதற்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வெள்ளிக்கிழமை ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தியிருந்து, வெறுங்காலோடு, ஒரு கல்லைத் தலையில் சுமந்து சிலுவைப்பாதையில் நடந்து வருவது என்றும் தீர்மானமானது. கல் அவரவர் வளவுக் கல்லாக இருக்கவேண்டும் என்று சுவாமி சொல்லியிருந்தார். எங்கள் கோயில் எங்கள் வீட்டுக் கற்களால் எழும்பவேண்டும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கல் இல்லை. முந்தி எங்கள் வளவைச் சுற்றி இடுப்பளவு முருகைக்கல் மதில் இருந்தது. திரும்பி வந்தபோது மதில் நின்ற இடத்தில் மணல்தான் இருந்தது. கல்லெல்லாம் சண்டைக்குப் பங்கர் கட்டப் போய்விட்டது. அத்திவாரக் கல்லைத் தோண்டினால் வீடு விழுந்துவிடும்.

"சுவாமியிட்டைச் சொல்லும், எங்கடை வளவிலை கல்லில்லை எண்டு. மாதா கோவிக்கவே போறா?" என்றார் என் மனுசன்.

"ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிறவள் வெறுந்தலையோடை போறதோ? சனம் சிரிக்கும்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும்."

அவருக்கு அது லேசு. எனக்கு ஏலாது.

வியாழக்கிழமை பின்னேரம் காவோலை பொறுக்கத் தெற்குப் பக்கம் போனேன். பள்ளிவாசல் கூரையில்லாமல் நின்றது. அதன் ஓடும் மரமும் எங்கே போயின என்று கேட்டால், அந்தப் பழியைப் பங்கரின் தலையில் போட முடியாது. எங்கள் ஊரில் சில குசினிகளின் கூரையை நிமிர்ந்து பார்த்தால் தெரியும். பள்ளிவாசலுக்குப் பின்னால் அவர்களுடைய மையவாடி. நாயுண்ணிப் பற்றைக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டு நின்றன. அதில் இரண்டு என்னுடையவை. பற்றைக்குள்ளே மீசான் கற்கள், அவர்கள் புதைகுழியின் தலைமாட்டில் நடுகிற கற்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. பெயரோ எழுத்தோ கிடையாது. வெறும் முருகைக்கல்.

எனக்கு அது மையவாடி என்று தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். ஆனால் மனம் இருக்கிறதே, அது கெட்டிக்கார வக்கீல். அவர்கள் போய்விட்டார்கள், இனி வரப்போவதில்லை என்றது. ஆடு மிதிக்கிற கல் மாதாவின் காலடிக்குப் போவது அந்தக் கல்லுக்கே பெருமை என்றது. அவர்களும் மரியத்துக்கு மரியாதை செய்கிறவர்கள்தானே, தையல்காரர் மனைவியே உனக்குச் சொல்லியிருக்கிறாளே என்றது. அவளுடைய பேச்சை அவளுக்கு எதிராகவே எடுத்துக் கொடுத்தது.

பெரிய கற்கள் இருந்தன. சிலுவைப்பாதை முழுக்கச் சுமக்கவேண்டும், அதுவும் பசியோடு. அதனால் சின்னக் கல்லாகப் பார்த்து எடுத்தேன். ஒரு வேப்பமரத்துக்குக் கிழக்கே நின்றது. மேல்முனை வளைந்து வடிவாக இருந்தது. நட்டபடி நின்ற கல். நாலைந்து தரம் ஆட்டித்தான் பிடுங்கினேன். காவோலைக் கட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். மறைத்தேன் என்றால் தெரிந்துதான் செய்தேன் என்றுதானே அர்த்தம்.

மறுநாள் சும்மாட்டுக்கு மேல் அதை வைத்துக்கொண்டு நடந்தேன். பாரமே இல்லை. கோயில் அலுவல்களைப் பார்க்கிற மூப்பர் கல்லை வாங்கித் தடவிப் பார்த்து, "நல்ல வடிவான கல்லு" என்றார். சுவாமி பிரசங்கத்தில், பிறருடைய புனிதத்தை மதியாதவர்களுக்காக நாங்கள் மன்னிப்புக் கேட்போம் என்றார். நான் விம்மி விம்மி அழுதேன்.

அதன்பிறகு ஆறு வருசம் அந்தக் கல் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நிம்மதியாக அதன் முன்னால் மெழுகுதிரி கொளுத்தினேன்.

சமாதானம் என்று சொன்ன காலத்தில் றோட்டுத் திறந்தது. ஒருநாள் காலமை ஒரு வான் வந்து நின்றது. தையல்காரர் மனைவி இறங்கினாள். புத்தளத்தில் அகதி முகாமில் இருந்து, பிறகு அங்கேயே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாளாம். மனுசன் முகாமிலேயே நெஞ்சுநோ வந்து மௌத்தாகிவிட்டார். இப்போது அவள்தான் தைக்கிறாள். அண்ணனோடும் வேறு சில ஆண்களோடும் ஊர் பார்க்க வந்திருந்தாள். ஆண்கள் பள்ளிவாசலைத் துப்புரவாக்கப் போய்விட்டார்கள். அவள் என் குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள்.

"உங்கடை கோயிலை உடைச்சுப்போட்டாங்களெண்டு அங்கை கேள்விப்பட்டனான். அழுகை அழுகையா வந்தது அக்கா" என்றாள்.

நான் சீனிப் போத்தலை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டாள். "பின்னேரம் வான் வெளிக்கிட்டிடும். பிள்ளையின்ரை இடத்தைப் பாக்கவேணும். அவர் மௌத்தாகேக்கையும் அதைத்தான் சொன்னவர், றோட்டுத் திறந்தாப் போய்ப் பாரெண்டு. அண்ணைக்கு இடம் தெரியாது. என்னோடை ஒருக்கா வாறீங்களோ?"

போனோம். மையவாடி வாசலில் அவள் நின்றுவிட்டாள். "எங்கடை பொம்பிளையள் உள்ளுக்கை போறேல்லை. முந்தியும் நான் வெளியாலை நிண்டுதான் பாக்கிறனான். இப்பப் பத்தை மறைக்குது. நீங்கள் போய்ப் பாருங்கோ அக்கா. வேப்பமரத்துக்குக் கிழக்காலை, சின்னக் கல்லு. மேல்பக்கம் வளைஞ்சது. பிள்ளையின்ரை கல்லு கூராயிருக்கக்கூடாதெண்டு அவர்தான் அரத்தாலை உரஞ்சி உரஞ்சி வளைச்சவர்."

சின்னக் கல் சின்னப் பிள்ளைக்கு என்று அதுவரைக்கும் நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. பாரம் குறைவு என்றுதான் பார்த்தேன்.

உள்ளே போனேன். வேப்பமரம் நின்றது. அதற்குக் கிழக்கே வெறும் மணல். நான் தேடுவதுபோல நடந்தேன். குனிந்தேன், பற்றையை விலக்கினேன், நிமிர்ந்தேன். இல்லாததைத் தெரிந்துகொண்டே தேடுகிற கூத்தை அவள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளுக் குத்திக் கையில் இரத்தம் வந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். திரும்பிப் போய், "பிள்ளை, அந்தக் கல்லை நான்தான்" என்று தொடங்கியிருந்தால் மீதி தானாக வந்திருக்கும்.

பத்து அடி தள்ளி வேறொரு கல் சாய்ந்து கிடந்தது. அதற்கு முன்னால் இருந்த பற்றையைக் கையால் முறித்து மிதித்தேன்.

"இஞ்சை கிடக்குது பிள்ளை! அப்பிடியே கிடக்குது!"

அவள் அந்தத் திசைக்குத் திரும்பி இரண்டு கையையும் ஏந்தித் துஆ கேட்டாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கண்ணீர் நாடிவரைக்கும் ஓடியது. முடித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். இரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையால் துடைத்தாள். "நீங்கள் பாத்துக்கொண்டபடியாலைதான் கிடக்குது" என்றாள்.

இரக்கத்தால்தான் பொய் சொன்னேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே போகவேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான்.

றோட்டுத் திரும்பப் பூட்டுப்பட்டது. சண்டை வந்தது, முடிந்தது. இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசியில் அவளுடைய அண்ணன் மட்டும் வந்தார். என்னிடம் ஒரு பொதி சுண்ணாம்பும், கடதாசியில் எழுதிய ஒரு போன் நம்பரும் தந்தார். "தங்கச்சி தந்துவிட்டவ. உங்களுக்குத்தானாம் இடம் தெரியும். பிள்ளையின்ரை கல்லுக்கு வெள்ளையடிச்சுவிடச் சொன்னவ."

பொதியைக் கொண்டு நேரே மூப்பரிடம் போனேன். சுவாமி எப்போதோ மாறிப் போய்விட்டார். மூப்பர் முற்றத்தில் இருந்து வலை திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதுகூட, "விழுந்து கிடந்த கல்லு" என்றுதான் வாயில் வந்தது. பிறகு திருத்திச் சொன்னேன். கெபியில் இருந்து அந்த ஒரு கல்லை எடுத்துத் தாருங்கள், திரும்பக் கொண்டுபோய் நடுகிறேன் என்று கேட்டேன்.

அவர் வலையை விட்டுத் தலை நிமிரவில்லை. "நீர் மட்டும் எண்டோ நினைச்சனீர்?" என்றார். "அப்ப ஊரிலை ஆரின்ரை வளவிலை கல்லிருந்தது?"

எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. ஊரோடு ஒத்தவள்தானே நானும் என்று ஒரு மூச்சு இறங்கியது. இந்தக் கதை முழுவதிலும் நான் அதிகம் வெட்கப்படுவது அந்த ஒரு மூச்சுக்குத்தான்.

"அடியிலை கிடக்கிற கல்லை உருவினா முழுக்க இறங்கியிடும். மாதாவின்ரை இடத்திலை கைவைக்கிறதோ? சனம் விடாது" என்றார் மூப்பர்.

வீட்டுக்கு வந்து நம்பரை அடித்தேன். அவள்தான் எடுத்தாள். பின்னால் தையல் மெசின் ஓடுகிற சத்தம். வேறு யாரோ தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நலம்கூட விசாரிக்கவில்லை. கல்லைப் பிடுங்கியதை, தலையில் சுமந்ததை, கெபியில் வைத்ததை, அன்றைக்கு வேறொரு கல்லைக் காட்டியதை ஒரே மூச்சில் சொன்னேன். பிடுங்க ஏலாதாம் என்பதையும் சொன்னேன். அவள் யாரிடமோ மெதுவாக ஏதோ சொன்னாள். மெசின் நின்றது.

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப, அண்டைக்கு நான் ஆருக்கு அக்கா துஆ கேட்டனான்?"

எனக்குத் தெரியாது. அந்தக் கல் யாருடையது என்று நான் பார்க்கவேயில்லை.