தூணுக்கு எந்தப் பக்கம்

கோல்மனின் மண்வெட்டி மரத்தில் தட்டியது. லவெல் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் படுத்திருக்கும் இடத்தில் மரம் தட்டாமல் வேறு என்ன தட்டும்? அவன் குனிந்து மண்ணைத் தள்ளினான். சவப்பெட்டியில் பெயர் பொறித்து அடிக்கும் பித்தளைத் தகடு ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு, கையோடு வந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்துப் பார்த்தான். பிறகு மேலே நின்ற அட்ராக்டாவைப் பார்த்தான். மறுபடியும் தகட்டையே பார்த்தான்.

“என்னடா முழிக்கிற? எழுத்து மறந்துபோச்சா?”

“எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது. அதுதான் வம்பு.” படித்துக் காட்டினான். “ப்ரையன் கஃபர்கி.”

அட்ராக்டா அப்படியே பக்கத்துச் சுவரில் சாய்ந்தாள். லவெல்களின் குழியில் கஃபர்கிக்கு என்ன வேலை?

அவளுடைய கணவன் ஃபின்டன் லவெல் சனிக்கிழமை விடியற்காலையில் செத்துப்போனான். திங்கட்கிழமை மதியம் அடக்கம். கில்டரா கிராமத்தில் குழி வெட்டுவதற்குக் கூலி ஆள் கிடையாது, அக்கம்பக்கத்து ஆண்கள்தான் வெட்டுவார்கள்; கோல்மனும் அப்படி வந்தவன்தான். திங்கட்கிழமையில் மண்ணைத் திறக்கவும் மாட்டார்கள். திறந்தால் அதே வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பயம். ஆகவே இன்று ஞாயிறு பொழுது சாய்வதற்குள் குழி திறந்தாக வேண்டும். வெயிலோ ஏற்கெனவே மடத்தின் கிழக்குச் சுவரில் ஏறிவிட்டது.

கோடையில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது கடலோரத்தில் கூரையில்லாமல் நிற்கிற பாழடைந்த மடம். துறவிகள் போய் நானூறு வருஷம் ஆகிறது. ஆனால் கில்டரா ஜனங்கள் இடத்தை விட்டால்தானே? பீடம் இருந்த இடத்தில் ஒரு குடும்பம், மணிக்கூண்டின் கீழே ஒரு குடும்பம், துறவிகள் சாப்பிட்ட கூடத்தில் நாலு குடும்பம் என்று வரிசையாக மண்ணுக்குள் குடியேறிவிட்டார்கள். வசதியானவர்கள் பெயர் பொறித்த கல் வைத்தார்கள். லவெல்களும் கஃபர்கிகளும் கடற்கரையிலிருந்து ஒரு உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து போட்டதோடு சரி. உடைந்த தூண் ஒன்றுக்குக் கடல் பக்கம் லவெல்கள், மலைப் பக்கம் கஃபர்கிகள். அட்ராக்டா இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து கண்டது அப்படித்தான்.

வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண் அவள். இருபத்தொரு வயதில் வந்தாள். கானாங்கெளுத்தி மீனுக்கு உப்புப் போடும் கொட்டகையில் வேலை செய்து கைகள் வெடித்துப் போயின. மூன்று பையன்களை வளர்த்து, ஒருவனை பாஸ்டனுக்கும் இருவரை இங்கிலாந்துக்கும் கப்பலேற்றினாள். வாய் கொஞ்சம் நீளம்தான். பாதிரியாரே அவளிடம் அளந்து பேசுவார். ஆனால் பையன்களுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்ததைப் பற்றி மட்டும் அந்த வாய் திறந்ததில்லை.

எட்டு நாள் இருந்தது குழந்தை. அந்தக் காலத்தில் பச்சைக் குழந்தைக்கு ஊர்கூடி அடக்கம் இல்லை. தகப்பனே பெட்டி செய்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவான். தாய் படுக்கையில் கிடப்பாள். ஃபின்டன் காலையில் போனான், மதியம் வந்தான், டீ கேட்டான். எங்கே வைத்தாய் என்று அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை. அவனும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் கல்லறை மந்திரிக்கும் ஞாயிறு வந்தது. அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் தன் குழியருகே நிற்கும். பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். மாமியார் எங்கே நின்றாளோ அங்கே அட்ராக்டாவும் நின்றாள். அது முதல் வருஷா வருஷம் அதே மண்ணில் மண்டியிட்டு, உதடு அசையாமல் மகளோடு பேசுவாள். ஃபின்டன் மட்டும் உள்ளே வரவே மாட்டான். வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று கையை ஆட்டிக்கொண்டிருப்பான். கல்நெஞ்சுக்காரன் என்று அவள் முடிவு கட்டினாள். வருஷத்துக்கு ஒரு சண்டை அதற்கென்றே தனியாக நடக்கும்.

குழந்தையோடு அவனை வைக்க வேண்டும். சனிக்கிழமை முதல் அவள் மனதில் இருந்தது அந்த ஒன்றுதான். உயிரோடு இருந்தபோது வராதவன், செத்தாவது பக்கத்தில் இருக்கட்டும். இப்போது இந்தத் தகடு வந்து நிற்கிறது.

“பக்கத்துல வெட்டவா?” என்றான் கோல்மன்.

“பக்கத்துல கஃபர்கிங்க இடம்.”

“இதுதான் கஃபர்கிங்க இடம்னு தகடு சொல்லுதே.”

“அப்ப அது யாரு இடம்?”

கோல்மன் தலையைச் சொறிந்தான். “உங்க மாமியார அடக்கம் பண்ணினப்பவே தெரிஞ்சிருக்கணுமே?”

“அவ இங்க எங்க இருக்கா? பொறந்த வீட்டாரோட போய்ப் படுத்துக்கிட்டா. உசிரோட இருந்தவரைக்கும் லவெல்களச் சகிச்சாச்சு, செத்தப்புறமுமான்னு கேட்டா.”

எல்லாம் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தான். கேட்கக்கூடிய இன்னொரு ஆள் கன்செப்டா கஃபர்கி. ஆனால் கரையில் ஒதுங்கும் கடற்பாசி யாருக்கு என்று ஃபின்டனும் கன்செப்டாவின் கணவன் ஆஸ்டினும் அடித்துக்கொண்ட நாளிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆஸ்டின் செத்து நாலு வருஷமாகியும் சண்டை சாகவில்லை.

ஆள் அனுப்பத் தேவையில்லாமல் போயிற்று. கன்செப்டாவின் சமையலறை ஜன்னல் மடத்தைப் பார்த்து இருந்தது. கழுத்துக் கயிற்றோடு நாயை இழுத்துக்கொண்டு, மாவுக் கையோடு வந்து நின்றாள். கோல்மன் தகட்டை நீட்டினான். அவள் படித்தாள். முகத்தில் இருந்த சண்டை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“எங்க மாமனாரோட அண்ணன்,” என்றாள். “இவரு ஏன் உங்ககிட்ட இருக்காரு?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

கன்செப்டா தூணைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். “அந்த மழை வருஷம்,” என்றாள் மெல்ல. “மந்திரிப்பு அன்னிக்குக் கொட்டுச்சே, எல்லாரும் சுவரோரம் ஓடினோமே. சாமியார் வரப்ப அவசர அவசரமாத் திரும்பினோம். எங்க மாமனாருக்குக் கண்ணு தெரியாது. உன் மாமியாளுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பக்கம் மாறி நின்னிருக்காங்க.”

“அடுத்த வருஷம்?”

“போன வருஷம் நின்ன எடத்துலதான நிப்பாங்க? நமக்குள்ள பேச்சு இருந்திருந்தா ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும்.”

அட்ராக்டாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும் போனது. அவள் முதன்முதல் நின்ற மந்திரிப்பு அந்த மழை வருஷத்து மந்திரிப்புதான். இத்தனை வருஷமும் அவள் மகள் என்று நினைத்துப் பேசியது மீசை வைத்த ஒரு கஃபர்கி கிழவனோடு.

“அப்ப என் புள்ள எங்க?” என்று கேட்டுவிட்டாள். யாரிடமும் கேட்காத கேள்வி.

 கன்செப்டா நாயின் கயிற்றைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“ஆஸ்டினுக்கு வெட்டினப்ப ஒரு சின்னப் பெட்டி இருந்துச்சு. எங்க வீட்டுப் பழைய குழந்தை ஏதோன்னு நெனச்சேன். ஆஸ்டின் பெட்டி மேலயே திரும்ப வெக்கச் சொன்னேன். எனக்குத்தான் புள்ளையே இல்லையே. கீழயாவது ஒண்ணு இருக்குன்னு, தெனமும் ஒரு செபம் சொல்லிக்கிட்டிருந்தேன்.” குனிந்து நாயைப் பார்த்தாள். “உன் புருஷன் சாயங்கால வேளைல வந்து எங்க எடத்துல தொப்பிய கழட்டிட்டு நிப்பான். செத்த ஆஸ்டினைத் திட்ட வந்திருக்கான்னு நாய அவுத்து விட்டேன். மறுநாள் மீனோட வந்தான். இந்த வெக்கங்கெட்ட ஜென்மம் அதத் தின்னுட்டு வால ஆட்டுது.”

அட்ராக்டா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஃபின்டனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வருஷத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. அவள் யாரோ ஒருவன் மேல் மண்டியிட்டு அழுவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறான்.

“ஏன் சொல்லல?” என்றாள். “பாவி மனுஷன், ஒரு வார்த்தை ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்லுவான்? நீ அழுதுக்கிட்டு இருக்கறப்ப, இங்க இல்ல, தள்ளிப் போய் அழுன்னா சொல்லுவான்?”

அது ஆறுதலா, இன்னும் எரிச்சலா என்று அட்ராக்டாவுக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அவனை எழுப்பி உலுக்க வேண்டும் போல இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது?

சுவரில் வெயில் ஒரு முழம்தான் மிச்சம். கோல்மன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இத மூடிட்டு அங்க தெற,” என்றாள் கன்செப்டா.

“ஆஸ்டின் மேலயா?” என்றாள் அட்ராக்டா. “ரெண்டு பேரையும் ஒரே குழியிலயா?”

“இருந்தப்பவே பேசிக்கல. இனிமேயா சண்ட போட்டுக்கப் போறாங்க?”

“உன் எடம் போயிடுமேடி.”

“என் எடம் இதுதானாம், தகடே சொல்லுதே. நாப்பது வருஷம் ஆஸ்டினோட கொறட்டையக் கேட்டாச்சு, இனிமேயாவது நிம்மதியாத் தூங்கறேன்.” சொல்லிவிட்டு அவள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மாவு. செபம் சொல்ல அவளிடம் இருந்த ஒரே பிள்ளையும் இப்போது அவளுடையது இல்லை. அது அட்ராக்டாவுக்குப் புரிந்தது.  கன்செப்டாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோல்மன் தூணுக்கு மலைப் பக்கம் வந்து, புல்லை வெட்டிப் புரட்டி, இடுப்பளவு இறங்கினான். இரு பெண்களும் குழியின் ஓரத்தில் நின்றார்கள்.

“பையன்னு நெனச்சேன்,” என்றாள் கன்செப்டா. “மைக்கேல்னு பேரு வெச்சுத்தான் செபம் பண்ணினேன். நெஜமாப் பேரு என்ன?”

 ஞானஸ்நானத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அட்ராக்டா வெளியே சொன்னதே இல்லை.

“எத்னா.”

கன்செப்டா தலையை ஆட்டினாள். பிறகு குழிக்குள் குனிந்து குரல் கொடுத்தாள்.

“மெதுவா வெட்டு, கோல்மன். கீழ எத்னா இருக்கா.”