டிராலிக்குப் பின்னால் ஒரு கம்பி

ஆரணி அரிசி மில்லில், சரிவுத் தண்டவாளத்தில் ஏறும் டிராலியின் பின்னால் ஓர் இரும்புக் கம்பி மண்ணில் உரசிக்கொண்டே போகிறது. அது கழன்று தொங்குவதாகவும், அதைச் சரிசெய்யவே கடவுள் என்னை இங்கே அனுப்பியிருப்பதாகவும் நம்பிவிடுகிறேன். மனைவி பட்டுப்புடவைக்கு நிறம் பார்த்து முடிப்பதற்குள் ஒரு மூட்டை அரிசி வாங்க வந்தவன் நான். நெல் மூட்டைகள் நிறைந்த டிராலியை மேலேயிருந்து மோட்டார் கயிறு இழுக்கிறது. கம்பியைத் தூக்கிக் கட்டத் துண்டோடு ஓடுகிறேன்.

சரிவின் அடியில் நெல் கூட்டும் அம்மா துடைப்பத்தால் என் கையைத் தட்டிவிடுகிறார்.

“அத்தத் தொடாதீங்க சார். அது இஸ்துகினுதான் வரணும். கயிறு அறுந்தா அதான் மண்ணுல குத்தி வண்டிய நிறுத்தும். கீழ நாங்க இருக்கோமில்ல?”

“கயிறு அறுந்துடுமா?”

“அறுந்தா நீங்க துண்டப் போட்டுப் புடிச்சிகினு நில்லுங்க.”

மேலே ‘டப்’பென்று சத்தம். கயிறு அறுந்தேவிட்டது. “எல்லாரும் ஓடுங்க” என்று கத்துகிறேன். கத்தி முடிக்கும்போது நெல் குவியலின் உச்சியில் இருக்கிறேன், ஒற்றைச் செருப்போடு. வேறு யாரும் ஓடவில்லை. அந்த அம்மா மட்டும் துடைப்பத்தோடு ஓர் எட்டு ஒதுங்கி நிற்கிறார்.

கம்பி மண்ணில் குத்தியிருக்கிறது. டிராலி ஒரு சாண் பின்னால் வந்து நின்றுவிட்டது.