லினக்ஸும் ஜாக்கெட் கையும்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் லினக்ஸ் என்ற சொல்லை என் மனைவி ஒரு வசவாகவே வைத்திருக்கிறாள். பழைய மடிக்கணினி விண்டோஸைத் தாங்காமல் மூச்சு வாங்கியபோது, நானே உட்கார்ந்து லினக்ஸ் போட்டேன். அன்றிலிருந்து வீட்டில் பால் திரிந்தாலும் அதற்கு லினக்ஸ்தான் காரணம்.

பிரிண்டரும் ஸ்கேனரும் ஒன்றாகச் சேர்ந்த மிஷினை அவளுக்காகத்தான் வாங்கினேன். அவள் ஜாக்கெட்டுகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறாள். பூவையும் கொடியையும் மாங்காயையும் முதலில் தாளில் பென்சிலால் வரைந்துகொள்வாள். அதுவரை எங்கள் கட்டடத்துப் பெண்கள்தான் வாடிக்கை. "சூப்பர்க்கா" என்று வாங்கிப் போவார்கள், அத்தோடு சரி. முதன்முறையாக வெளியிலிருந்து, முலுண்டிலிருந்து, ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா ஜாக்கெட் கைக்கு டிசைன் கேட்டிருந்தார். போனில் எடுத்து அனுப்பிய படத்தில் கோடே தெரியவில்லை என்றார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தெளிவாக வராவிட்டால் தாதரில் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம். வெளிக் கடையில் ஸ்கேன் எடுத்தால் டிசைன் நாலு பேர் கைக்குப் போய்விடும் என்று இவளுக்குப் பயம். இந்த ஆர்டர் வந்தால்தான் இது தொழில், இல்லையென்றால் வெறும் பொழுதுபோக்கு என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். சொல்லவில்லை; எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். ஒயரைச் செருகியதுமே பிரிண்டர் வேலை செய்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஸ்கேனர் ஒன்று இருப்பதாகவே கணினி ஒப்புக்கொள்ளவில்லை. கருவி எதுவும் இல்லை என்று சாதித்தது. அடப்பாவி, கண்ணெதிரே மேசை முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே!

"என்னத்தத்தான் நோண்டுதீய? மணி நாலாவுது. அவிய போன் பண்ணிருவாவ!"

"அரே, கொஞ்சம் இரேன்! தலைக்கு மேல நின்னா எப்படி வேலை ஓடும்?"

"ஆபீஸ்லயும் இப்படித்தான் சொல்லுவீயளோ?"

அச்சடிக்க ஒரு டிரைவர் மென்பொருள், ஸ்கேன் செய்ய வேறொரு டிரைவர், இரண்டாவதைத் தனியாக இறக்க வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதி வைத்திருந்தான். இறக்கினேன். ஸ்கேனரின் பெயர் திரையில் வந்தது. தாளைக் கவிழ்த்து மூடியை மூடியதும் வெளிச்சம் மெல்ல ஊர்ந்தது. பென்சில் கோடுகள் அத்தனையும் கண்ணாடி மாதிரி வந்து விழுந்தன.

"ஐயோ, என் கோடா இது!" என்று கை தட்டினாள். "அனுப்புங்க, அனுப்புங்க."

அனுப்பிவிட்டு ஆற அமரப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாங்காயின் நடுவயிற்றில் ஒரு சிவப்புப் புள்ளி. மறுபடி ஸ்கேன் செய்தேன். அதே இடத்தில் அதே புள்ளி. டிரைவரை எழுதியவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே மூடியைத் திறந்தேன். கண்ணாடியில் காய்ந்த குங்குமம்.

"புது மிஷினுக்குப் பொட்டு வைக்காம இருப்பாவளா?" என்றாள். "வெளிய வச்சா கை பட்டு அழிஞ்சிரும்னு உள்ள வச்சேன்." கடைசிச் சொல்லில் அவள் குரல் இறங்கிவிட்டது. கத்தத்தான் வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"விடு, துடைச்சிட்டு வேற அனுப்புவோம்" என்று துணியை எடுத்தேன். அதற்குள் முலுண்டிலிருந்து போன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டிசைன் ஏக்தம் பர்ஃபெக்ட்! மாங்காய்ல ஒரு சிவப்புக் கல்லு வச்சிருக்கீங்களே, என் பொண்ணு அதைத்தான் பார்த்துட்டே இருக்கா. ரெண்டு கையிலயும் வச்சிடுங்க. நாளைக்கே துணியோட வர்றேன்."

"வச்சிரலாம் மேடம்" என்றாள், பிசிறில்லாமல்.

போனை வைத்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அப்படியொரு சந்தோஷம். அதை மறைக்க, கண்ணாடியைத் துடைக்கக் குனிந்தேன். வெடுக்கென்று துணியைப் பிடுங்கினாள்.

"தொட்டுராதீய! கல்லு என்ன சைஸுன்னு நான் அளக்கணும்."