சைக்கிள் விளக்கில் வைத்த சந்தனம்

மாலை ஆறு நாற்பதுக்குக் கரண்ட் போனது. போன ஆயுத பூஜை அன்று. சேலையூரில் எங்கள் தெரு மட்டுமல்ல, வேளச்சேரி ரோடும் இருண்டுவிட்டது. என் மகள் கயல் அந்த ரோட்டில்தான் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் அன்பர்கள் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். முருகனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கயல் பதினொன்றாம் வகுப்பு. பூஜையில் படைத்த சுண்டலை எவர்சில்வர் தூக்கில் எடுத்துக்கொண்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தோழி வீட்டுக்கு ஐந்தரைக்கே கிளம்பினாள். "இருட்டுறதுக்குள்ள வந்துடுடி" என்று என் மனைவி சொல்லித்தான் அனுப்பினாள். கயல் போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். தோழியின் அம்மாவுக்குத் தூக்கை வெறுமனே திருப்பித் தர மனமில்லை. அவர்கள் வீட்டுச் சுண்டல் தாளித்து முடியும்வரை உட்கார வைத்துவிட்டார்.

கரண்ட் போனதும் நான் பதறவில்லை. "சைக்கிள்ல லைட் இருக்கே" என்று மனைவிக்குத் தைரியம் சொன்னேன். எதற்கும் எதிரே போய் அழைத்து வரலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். ஹெட்லைட் போட்டேன். எதிர்ச் சுவரில் வெளிச்சம் சரியாக விழவில்லை. மங்கலாக, நடுவில் ஒரு கறுப்பு வட்டம். குனிந்து பார்த்தேன். காலையில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் காய்ந்து ஒட்டியிருந்தன.

அப்போதுதான் எனக்கு உயிரே போயிற்று. கயல் சைக்கிளுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். முன்னால் இருக்கும் சின்ன பேட்டரி லைட்டை மறைக்கிற அளவுக்குச் சந்தனம். பின்னால் மட்கார்டில் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரிலும் அப்படியே. அதன் மேல் சாமந்திச் சரம் வேறு.

"அப்பா, லைட்டு மேல வேணாம்ப்பா, கீழ வைங்க" என்று அவள் சொன்னாள்தான்.

"சாமி காரியத்துல குறுக்க பேசாத" என்று நான்தான் அதட்டினேன்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். வெளிச்சம் எப்படிப் பட்டுத் திரும்புகிறது என்று வருஷா வருஷம் போர்டில் கோடு போட்டுக் காட்டுகிறவன்.

"ஏங்க அப்படியே நின்னுட்டீங்க?" என்றாள் மனைவி. வேட்டி நுனியால் ஹெட்லைட்டைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கடைக்குக் கடை திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. விளக்கில்லாத சைக்கிள் ஒன்று எனக்கு முன்னால் போயிருக்கிறது. இடிக்க இருந்து கடைசி நிமிஷத்தில் ஒதுங்கினேன். ஒரு பெரியவர். "பார்த்து வாய்யா!" என்று திட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கயலுக்குப் பின்னால் வருகிறவனும் பார்த்துக்கொண்டுதானே வருவான்?

தோழி வீட்டு வாசலில் அந்த அம்மா மெழுகுவர்த்தியோடு வந்தார். "கரண்ட் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சார் கிளம்பினா. வழியில நீங்க பார்க்கலையா?"

அப்படியானால் அவளைக் கடந்துதான் வந்திருக்கிறேன். எதிர்ப்பக்கம்தான் போயிருப்பாள். தேடிக்கொண்டே வந்த அப்பன் கண்ணுக்கே அவள் தெரியவில்லை.

அந்த வாசலிலேயே கண்ணை மூடினேன். பாட்டும் வரவில்லை, மந்திரமும் வரவில்லை. "முருகா, உனக்கென்றுதான் அந்தச் சந்தனத்தை வைத்தேன். புத்தியில்லாமல் வைத்துவிட்டேன். என் பிள்ளையை யார் கண்ணுக்காவது காட்டிவிடு." அவ்வளவுதான் கேட்டேன்.

அன்பர்களே, கேட்டது கிடைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் கூப்பிட்ட நிமிஷமும் அவன் காட்டிய நிமிஷமும் ஒன்றுதானா என்று தெரியாது. ஒருவேளை நான் கூப்பிடும் முன்பே காட்டியிருப்பான். இப்போது எங்கள் வீட்டில் பொட்டெல்லாம் ஹேண்டில்பாரில்தான். பஜனைக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகளின் விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் நான் துடைத்துவிடுகிறேன், கேலி செய்தாலும் பரவாயில்லை. உங்கள் தவறே உங்கள் முன்னால் வந்து நிற்கும் நேரத்திலும் அவனைக் கூப்பிடக் கூச்சப்படாதீர்கள். செய்த தவறைச் சொல்லியே கூப்பிடுங்கள். அவன் கோபித்துக்கொள்வதில்லை.

அன்று தோழி வீட்டிலிருந்து திரும்பி வரும்போது தூரத்தில் ஒரு தண்ணீர் லாரி தெரிந்தது. இண்டிகேட்டர் இரண்டும் மினுக்க, நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. முந்திப் போய்ப் பார்த்தேன். லாரியின் வெளிச்சத்துக்குள் என் கயல் மிதித்துக்கொண்டு போனாள். முழங்காலில் சிராய்ப்பு, பாவாடையெல்லாம் பூசணிக்காய்.

கூப்பிட்டேன். இறங்கினாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சுண்டலெல்லாம் ரோட்டுல கொட்டிடுச்சுப்பா" என்றாள், அதுதான் பெரிய குற்றம் போல.

லாரியிலிருந்து டிரைவர் குதித்து வந்தார். முப்பது வயதிருக்கும்.

"பொண்ணு பூசணிக்காய்ல வழுக்கி வுயுந்துட்ச்சு சார். லைட்டு இல்ல, ஒண்ணுமே தெர்ல. அந்தத் தூக்கு மட்டும் உருண்டுகினு வந்து பளிச்சுன்னு அடிச்சுது. அத்தப் பாத்துதான் பிரேக்கு மேல ஏறி நின்னேன். தனியா அனுப்ப மன்சு வர்ல. அதான் பின்னாலயே வந்துகினு கீறேன்."

கும்பிட்டேன். அவர் என் கையை இறக்கிவிட்டு, சைக்கிள் பக்கம் குனிந்தார். ரிஃப்ளெக்டர் மேலிருந்த சாமந்திச் சரத்தை ஒதுக்கினார். காய்ந்த சந்தனத்தைக் கட்டை விரலால் தேய்த்து எடுத்தார்.

"இன்னா சார் நீ, சாமிக்குப் பொட்டு நெத்திலதான வெப்போம்? கண்ணுலயா வெப்பாங்க?"