சிராவணத்து முதல் திங்கள்: கட்கியிலிருந்து பீமாசங்கர்

ஞாயிறு, பகல் 12.40. புனே நிலையத்தில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அரக்கோணத்தில் ஏறியிருந்தேன். என் அக்கா வசந்தாவின் வீடு கட்கியில் இருக்கிறது. லோக்கல் ரயிலில் இரண்டாவது நிறுத்தம், ஐந்து ரூபாய்ச் சீட்டு. வேலூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவளுக்கு முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அவள் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் கணவர் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

நம் ஊரில் ஆடி நடந்துகொண்டிருக்கும்போதே இங்கே சிராவண மாதம் பிறந்துவிடுகிறது. ஆடி அமாவாசைக்கு மறுநாள் முதல் கணக்கு. அந்த அமாவாசையன்று, நாளை முதல் ஒரு மாதம் கவிச்சி கிடையாதே என்று மராட்டிக்காரர்கள் கறிக்கடையில் வரிசை கட்டுவார்களாம். "தெரு பூரா மட்டன் வாசனை. நம்ம வீட்ல மட்டும் வாழைக்கா பொரியல்" என்றார் மாமா. எதிர்வீட்டு உத்தரப் பிரதேசத்துக் குடும்பத்துக்கோ அதற்கு முந்தின பௌர்ணமிக்கு மறுநாளே மாதம் தொடங்கிவிட்டது. ஒரே சந்தில் ஒரே மாதம் இரண்டு தேதிகளில் பிறக்கிறது.

மாலை 6 மணி. அக்கா ஒரு கிண்ணம் ஜவ்வரிசியைக் கழுவி ஊற வைத்தாள். சிராவணத் திங்கள்கிழமைகளில் அவள் சிவனுக்கு விரதம் இருப்பவள். மறுநாள் முதல் திங்கள். இருவரும் பீமாசங்கர் கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு.

"நாளைக்கு பாயசமா?" என்று கேட்டேன்.

"இல்லடா, கிச்சடி. உப்வாஸுக்கு, அதான் வெரதத்துக்குச் செய்யறது. வேர்க்கடல, உருளக்கிழங்கு, நெய்யி போட்டு."

நான் சிரித்துவிட்டேன். "நம்ம ஊர்ல இதுக்குப் பேரு விருந்து, அக்கா. அம்மா கிருத்திகைக்கு எச்சில்கூட முழுங்க மாட்டாங்க."

மாமாவும் சிரித்தார். அக்கா கிண்ணத்தை மூடி வைத்தாள்.

திங்கள், காலை 5.30. வாக்டேவாடி நிலையத்திலிருந்து அரசுப் பேருந்து. பீமாசங்கர் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். எனக்கு இருநூற்றுப் பதினைந்து ரூபாய். பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்பதால் அக்காவுக்கு நூற்றெட்டு. வழியில் சாகண் என்ற ஊரில் லாரிகளுக்கு நடுவே அரைமணி நேரம் நின்றோம். பேருந்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் பச்சைச் சேலையில் இருந்தார்கள். மடியில் வில்வ இலைப் பொட்டலம். அக்கா எனக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள். "நீ?" என்றதற்கு, "வீட்லயே ஆச்சு" என்றாள்.

7.40, மஞ்சர். 8.20, கோடேகாவ். அதற்குப் பிறகு சாலை மலையை நோக்கித் திரும்புகிறது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், வலப்பக்கம் அணையின் தண்ணீர். ஜன்னல் வழியாகக் குளிர் அடித்தது. நான் போர்த்திக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டேன். ஏதோ சொன்னாள், வார்த்தை குழறியது. கையைத் தொட்டால் நடுக்கம்.

"அக்கா, காலையில என்ன சாப்ட்ட?"

"ஒண்ணும் இல்ல."

"மாத்திரை?"

"அது போட்டுகினேன்."

ஆறு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதில் சர்க்கரை அளவு இறங்கிவிட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கத்தினேன். முன் இருக்கைப் பெண் திரும்பினாள். மஞ்சரில் ஏறியவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் சுனந்தா என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, பையிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து அக்காவின் வாயருகே கொண்டுபோனாள். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். "தரிசனத்துக்கு அப்புறம்."

சுனந்தா மராட்டியில் அதட்டினாள். மொழி தெரியாத எனக்கே அர்த்தம் விளங்கியது: "இதுவும் உப்வாஸ்ல சாப்பிடறதுதான் அக்கா. வாயைத் திற."

வாய் திறந்தது. கண்டக்டர் மணியடித்து, ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓட்டுநரே இறங்கிப் போய்ச் சர்க்கரை தூக்கலாக ஒரு டம்ளர் டீ வாங்கி வந்தார். ஐம்பது பேர் இருந்த வண்டியில் ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. டீக்குப் பிறகு சுனந்தா தன் டப்பாவைத் திறந்து, தண்டுக்கீரை விதையில் பிடித்த இரண்டு லட்டுகளைக் கொடுத்தாள். கால்மணி நேரத்தில் அக்காவின் பேச்சு தெளிந்தது.

"எதிர்ல வர்ற வண்டியில ஏத்திவிடட்டுமா? மஞ்சர்ல ஆஸ்பத்திரி இருக்கு" என்று இந்தியில் கேட்டார் கண்டக்டர்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "வேணாம் பாவு, மேல போலாம்" என்று அவரை மராட்டியில் அண்ணனென்று அழைத்துச் சொன்னாள்.

10.15, பீமாசங்கர். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். கோவிலுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்க வேண்டும். மழையில் எல்லாம் வழுக்கல். வரிசை மூன்று மணி நேரம் என்றார்கள். அக்கா முதல் படியருகே நின்று எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு தட்டு ஜவ்வரிசிக் கிச்சடி கேட்டாள். நாற்பது ரூபாய். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

"நான் எறங்கல. வில்வத்த நீ எடுத்துகினு போ."

"உன்ன விட்டுட்டா?"

"போடா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

நான் சுனந்தாவோடு இறங்கினேன். எனக்காக அவள் வரிசையில் இரண்டு பேரிடம் சண்டை போட்டாள். கருவறையில் கிடைத்தது மூன்று நொடி. இலையைப் போட்டுவிட்டு, வேண்டுதல் எதுவும் தோன்றாமல் வெளியே வந்தேன்.

பகல் 2.30, திரும்பும் பேருந்து. "விருந்துன்னு நான் சும்மா கிண்டலுக்குச் சொன்னேங்கா" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள். "ஊர்ல இருந்தப்ப நான் ஒரு வெரதமும் இருந்ததில்லடா. இங்க வந்து, பாஷ தெரியாம தையல் மிஷின் முன்னாடி உக்காந்திருந்தேன். ஒரு சோமவாரம், பக்கத்துல இருந்த பொண்ணு ஒரு வாய் கிச்சடிய என் கையில வெச்சா. அன்னிலேர்ந்து நானும் இருக்கேன். நீ சிரிச்சதும், இத்தன வருஷமா தப்பாவே இருந்துட்டமோன்னு ஆயிடுச்சு."

மஞ்சரில் சுனந்தா இறங்கும்போது அக்கா அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை ரயில் ஏறினேன். வெள்ளிக்கிழமை வேலூரில் எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். விரதம் என்றால் எதையெல்லாம் தொடவில்லை என்று சொல்லிப் பெருமைப்படுவது எங்கள் வழக்கம். அந்த மலைப் பாதையிலோ, தங்கள் டப்பாவில் இருந்ததை அடுத்தவர் வாயில் வைப்பதும் விரதத்தில் சேர்ந்ததாக இருந்தது. எது கடினம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டாளாம், திங்கட்கிழமைகளில் மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது என்று எழுதி வாங்கியிருக்கிறாள்.

"வர்ற சோமவாரம் மறுபடி மலைக்குப் போறோம். சுனந்தா மஞ்சர்ல ஏறிக்குவா. படி எறங்க அவ கையப் புடிச்சிக்குவேன்" என்றாள்.

"நானும் வரட்டுமா?"

"நீ வேணாம்" என்று சிரித்தாள். "உன்ன வெச்சுகினு வெரதம் இருக்க முடியாது."